நிறுத்தி வைத்த காரில் இடித்துவிட்டுப் போய்விட்டால்: வடசென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வடசென்னையில் வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் இருப்பவர்கள் குறைவு. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் வாடகைக்கு வந்தாலும் பெரும்பாலும் கார் தெருவில்தான் நிற்கும். பல தெருக்களில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டும். அதற்குள்தான் தண்ணீர் லாரி வரும், குப்பை லாரி வரும், விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிய வண்டிகள் வரும். தீபாவளி நெருங்கினால் எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்க வருபவர்களின் வண்டிகள் பக்கத்துத் தெருவையெல்லாம் அடைத்துவிடும். திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் போனால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர்கள்.

இடித்தவர் நின்று சொல்லிவிட்டால் பேசி முடித்துக்கொள்ளலாம். சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கான குறிப்புகள் இவை.

பெரும்பாலானோர் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பது என் கருத்து. கம்பெனியின் போன் நம்பர் மதியமும் வேலை செய்யும். ஆனால் இடித்ததைப் பார்த்த பால்காரர் மதியம் அங்கே இருக்க மாட்டார். உடைந்து விழுந்த கண்ணாடித் துண்டைத் தூய்மைப் பணியாளர் பெருக்கி எடுத்துப் போய்விடுவார். முதல் ஒரு மணி நேரத்தைக் காருக்கும் தெருவுக்கும் கொடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால். இடிபட்டபோது காருக்குள்ளோ பக்கத்திலோ யாராவது இருந்து அடிபட்டிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-க்கு அழையுங்கள், அடுத்து 100 அல்லது 112. ஆளுக்குக் காயம் என்றால் சட்டமும் வழக்கும் வேறு. இனி வருவது காருக்கு மட்டும் சேதம் ஆன கதைக்கு.

காரை நகர்த்தாதீர்கள், கழுவாதீர்கள்

கார் நின்ற இடமே முதல் சாட்சி. நான்கு பக்கமும் கொஞ்சம் தள்ளி நின்று படம் எடுங்கள். தெருப் பெயர்ப் பலகை, எதிர்க் கடையின் பெயர், மின்கம்பம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று படத்தில் விழ வேண்டும். கார் எவ்வளவு ஓரமாக நின்றது என்பது தெரியும்படி சக்கரத்தையும் தெரு ஓரத்தையும் சேர்த்து ஒரு படம். அப்புறம் சேதத்துக்குக் கிட்டே வாருங்கள்.

கிட்டே வந்ததும் அவசரப்படாமல் பாருங்கள். உங்கள் காரின் பெயிண்ட் உரிந்த இடத்தில் வேறு நிறம் ஒட்டியிருக்கிறதா? மஞ்சள் இருந்தால் ஆட்டோவாக இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் அந்த நிறத்தில் பாதி போய்விடும், அதனால்தான் கழுவ வேண்டாம் என்கிறேன். ஒரு அளவு டேப் எடுத்துத் தரையிலிருந்து கீறல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பிடித்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுங்கள். முழங்கால் உயரத்துக்கும் கீழே ஒல்லியாக, ஆழமாக, ஒரே கோடாக இழுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புச் சட்டம் உள்ள வண்டி, உதாரணத்துக்கு மீன்பாடி வண்டி, அல்லது பைக்கின் ஃபுட்ரெஸ்ட். பம்பரும் கதவும் சேர்ந்து அகலமாக உள்வாங்கியிருந்தால் குட்டி யானை மாதிரியான சரக்கு வண்டி ரிவர்ஸ் எடுத்திருக்கக்கூடும். ஜன்னல் உயரத்திலோ அதற்கு மேலோ அடி என்றால் லாரி, பஸ், டிரெய்லர். இது முடிவான தீர்ப்பு ஆகாது, கேமராவில் எதைத் தேட வேண்டும் என்பதைச் சுருக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். உராய்வு எந்தப் பக்கம் ஆரம்பித்து எந்தப் பக்கம் முடிகிறது என்றும் பாருங்கள். உரிந்த பெயிண்ட் சுருண்டு குவிந்திருக்கும் முனைதான் முடிந்த பக்கம். வண்டி எந்தத் திசையில் போனது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தரையைப் பாருங்கள். சிவப்புக் கண்ணாடித் துண்டு கிடந்து உங்கள் லைட் முழுசாக இருந்தால் அது அவர்களுடைய டெயில் லைட், அதாவது ரிவர்ஸில் வந்து இடித்திருக்கிறார்கள். ஆரஞ்சு என்றால் இண்டிகேட்டர். சில துண்டுகளில் பார்ட் நம்பர் அச்சாகியிருக்கும், வண்டியின் மாடலையே அதிலிருந்து கண்டுபிடிக்கலாம். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டுப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

காரைக் கிளப்புவதற்கு முன் நான்கைந்து விஷயம் பார்த்துவிட வேண்டும். டயரின் பக்கச்சுவரில் வெட்டு, அடியில் ஆயில் அல்லது கூலன்ட் சொட்டு, நசுங்கிய தகடு சக்கரத்தை உரசுகிறதா, கதவு பூட்டுகிறதா, லைட் எரிகிறதா. கியரில் நின்ற காரைப் பெரிய வண்டி தள்ளியிருந்தால் வெளியே சின்ன நசுங்கல்தான் தெரியும், உள்ளே கியர்பாக்ஸோ வீல் அலைன்மென்ட்டோ போயிருக்கும். சந்தேகம் இருந்தால் ஓட்ட வேண்டாம், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பல பாலிசிகளில் ரோடு அசிஸ்டன்ஸ் சேர்ந்தே இருக்கிறது.

தெருவிடம் கேட்பது

புதிதாக வந்தவர்கள் தயங்குவது இங்கேதான். தயங்க வேண்டியதில்லை. இங்கே தெருவில் எந்நேரமும் யாராவது இருப்பார்கள், அவர்களுக்கு எல்லா வண்டியும் தெரியும். கேட்கிற விதம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

"யார் என் காரை இடிச்சது?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இடித்தவர் அதே தெருக்காரரின் மச்சானாக இருக்கலாம். தனித்தனியாகப் போய், "அண்ணே, ராத்திரி இங்க காரு நிறுத்தியிருந்தேன், ஏதோ வண்டி உரசிட்டுப் போயிருக்கு. நீங்க எத்தனை மணிக்குக் கடை சாத்தினீங்க? அப்ப கார் நல்லா இருந்துச்சா?" என்று நேரத்தைக் கேளுங்கள். யார் என்று கேட்டால் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்ற பயம் வரும். எப்போது என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்வார்கள். இரவு பதினொன்றுக்கு நன்றாக இருந்தது, காலை ஐந்தரைக்கு நசுங்கியிருந்தது என்று இரண்டு பேர் சொன்னால் போதும், கேமராவில் தேட வேண்டிய நேரம் பாதிக்குப் பாதி குறைந்துவிடும்.

யாரிடம் கேட்பது? இஸ்திரி வண்டிக்காரர் முதலில். நாள் முழுக்கத் தெருவைப் பார்த்து நிற்பவர் அவர். விடியற்காலை என்றால் இட்லிக்கடை அக்கா, டீக்கடை, ஆவின் பால் போடுபவர், பேப்பர் போடும் தம்பி, கோலம் போட வெளியே வருகிறவர்கள். இரவு என்றால் ஏ.டி.எம். வாட்ச்மேன், ஆட்டோ ஸ்டாண்ட். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் காரை இடித்த வண்டி எது என்று கடைசியில் சொன்னது வாட்டர் கேன் போடுகிற பையன்தான். நம்பர் அவனுக்குத் தெரியவில்லை. "பின்னாடி அம்மன் படம் ஒட்டின நீல வண்டிண்ணா, தினம் சிமென்ட் இறக்க வரும்" என்றான். மறுநாள் அதே வண்டி அதே கடைக்கு வந்து நின்றது. டெயில் லைட் புதிதாக மாட்டியிருந்தது.

உதவியவர்களின் பெயரையும் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் அனுமதி இல்லாமல் புகாரில் எழுதாதீர்கள்.

கேமரா

சென்னை போலீஸின் 'மூன்றாவது கண்' திட்டத்துக்குப் பிறகு சின்னக் கடைகள்கூட கேமரா வைத்துவிட்டன. ஆனால் நாள் கடப்பதுதான் உங்களுக்கு எதிரி. பதிவுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். சில கடைகளில் ஒரு மாதம் இருக்கும், சில இடங்களில் ஒரு வாரம்கூட தாங்காது. அதனால் அன்றைக்கே போய்விடுங்கள்.

கடைக்காரரிடம் பில் போடும் அவசர நேரத்தில் கேட்காதீர்கள். கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போங்கள். உங்கள் காரின் படத்தைக் காட்டி, தேட வேண்டிய நேரத்தையும் சொல்லுங்கள். பார்த்த மாதிரி இருந்தால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, திரையில் தெரியும் கடிகாரத்தை உங்கள் போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். பல பெட்டிகளில் நேரம் தப்பாக ஓடுகிறது, பின்னால் இது பெரிய குழப்பமாகும். இரண்டாவது, திரையைப் போனில் வீடியோ எடுப்பதோடு நிறுத்தாமல் பென்டிரைவில் அசல் பதிவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். இடித்த நொடி மட்டும் போதாது. அதற்கு முன்னும் பின்னும் பத்து நிமிடம் வேண்டும், வண்டி எங்கிருந்து வந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று அதில்தான் தெரியும். அந்தத் திசையில் அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று போனால் எங்காவது ஒரு கேமராவில் நம்பர் தெளிவாக விழுந்திருக்கும்.

கடைக்காரர் தர மறுத்தால் சண்டை போடாதீர்கள். "அழியாம வச்சிருங்க அண்ணே, ஸ்டேஷன்லேர்ந்து கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் கடையின் பெயரையும் கேமரா இருக்கும் இடத்தையும் புகாரில் எழுதுங்கள். போலீஸ் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் மின்னணுப் பதிவுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்று தேவைப்படும். அதற்கும் அசல் பதிவு யாரிடம் இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நம்பர் முழுசாகத் தெரியாவிட்டால்

பலகையின் நிறமே பாதி விடை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை அல்லது சரக்கு வண்டி, வெள்ளை என்றால் சொந்த வண்டி, பச்சை என்றால் மின்சார வண்டி. டி.என். 03 தண்டையார்பேட்டை, 05 வியாசர்பாடி, 18 செங்குன்றம். இந்த எண்களோடு கடைசி இரண்டு இலக்கம் கிடைத்தாலே போலீஸால் தேட முடியும். முழு நம்பர் கிடைத்தால் எம்-பரிவாஹன் செயலியில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும். ஆனால் வண்டியின் வகையும், இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்பதும் தெரியும்.

டிரெய்லர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். முன்னால் இழுக்கிற வண்டிக்கு ஒரு நம்பர், பின்னால் வரும் டிரெய்லருக்கு வேறு நம்பர் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், மேலே இருக்கும் கண்டெய்னரின் எண். நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம், பெரிதாக எழுதியிருக்கும், இரவு கேமராவிலும் வண்டி நம்பரைவிடத் தெளிவாக விழும். துறைமுக வாயிலில் கண்டெய்னர் எண் பதிவாகிறது என்பதால் எந்த வண்டி எடுத்துப் போனது என்று போலீஸ் தொடர முடியும். ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். திருப்பத்தில் டிரெய்லரின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முனையில் நிற்கும் காரைப் பின்பகுதி உரசியது ஓட்டுநருக்கே தெரியாமல் போயிருக்கலாம். கெட்டவர் என்று முடிவு கட்டிக்கொண்டு போனால் பேச்சு ஆரம்பத்திலேயே கெட்டுவிடும்.

மாநகரப் பேருந்து என்றால் தடம் எண்ணோடு, டிப்போவைக் குறிக்கும் எழுத்துகளுடன் பஸ்ஸின் மீது எழுதியிருக்கும் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அந்த டிப்போவுக்குப் போங்கள். மாநகராட்சிக் குப்பை வண்டி என்றால் 1913-இல் புகார் பதிவு செய்து அந்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில்

எந்த ஸ்டேஷன் என்பது புதியவர்களுக்கு முதல் குழப்பம். கார் நின்ற தெரு எந்த எல்லையோ அங்கே போக வேண்டும், உங்கள் வீடு இருக்கும் எல்லை கணக்கில்லை. 2022 தொடக்கத்தில் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது மணலி, எண்ணூர் பக்கத்து ஸ்டேஷன்கள் அதன் கீழ் போய்விட்டன. ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையெல்லாம் சென்னைப் பெருநகரக் காவல்தான். அதோடு சென்னையில் சாலை விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் "டிராஃபிக் இன்வெஸ்டிகேஷனுக்குப் போங்க" என்று சொன்னால் அது அலைக்கழிப்பு ஆகாது, எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அங்கே போங்கள்.

புகாரை வீட்டிலேயே எழுதி இரண்டு நகல் எடுத்துப் போவது நல்லது. இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். ……… என்ற பதிவெண் கொண்ட எனது காரை ……… தேதி இரவு ……… மணிக்கு ……… தெருவில் ……… கடைக்கு எதிரே நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலை ……… மணிக்கு வந்து பார்த்தபோது அடையாளம் தெரியாத வாகனம் ஒன்று மோதியதில் காரின் வலதுபக்கப் பின்கதவும் பின் பம்பரும் சேதமடைந்திருந்தன. மோதிய வாகனத்தின் ஓட்டுநர் எந்தத் தகவலும் தராமல் சென்றுவிட்டார். எதிரே உள்ள ……… கடையின் கண்காணிப்புக் கேமராவில் இது பதிவாகியுள்ளது. அந்த வாகனத்தைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்குமாறும், இந்தப் புகாருக்கு ரசீது வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். சந்தேகப்படும் ஆளின் பெயரை ஊகமாக எழுத வேண்டாம்.

பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுதான் தருவார்கள். எஃப்.ஐ.ஆர். போடவில்லையே என்று பதற வேண்டாம், காரணம் இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு மனித உயிருக்கு ஆபத்தோ காயமோ உண்டாக்கும்படி வண்டி ஓட்டுவதைப் பற்றியது. ஆளில்லாமல் நின்ற காருக்கு அது பொருந்துமா என்று அதிகாரி யோசிப்பார். வேண்டுமென்றே சேதப்படுத்தினால்தான் சொத்துச் சேதப் பிரிவு வரும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். விபத்தில் அடுத்தவர் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலும், அங்கே போலீஸ் இல்லையென்றால் ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. தெரிவிக்காமல் போனால் 187-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஸ்டேஷனில் புகாரைப் பதிவு செய்யும் ரைட்டரிடம் இதைச் சட்டம் பேசுகிற தோரணையில் சொல்ல வேண்டாம். "சார், 134, 187 வரும்னு சொல்றாங்களே, பாத்துக்கோங்க" என்றால் போதும்.

எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். சி.எஸ்.ஆர். நிலையையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். புகாரை வாங்கவே மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இந்த வழியைக் கொடுக்கிறது. பம்பர் கீறலுக்காக அவ்வளவு தூரம் போவது உங்கள் நேரத்துக்குத் தகாது என்பேன். சேதம் பெரிதாக இருந்து, வண்டி நம்பரும் கையில் இருந்தால் போகலாம்.

கார் நோ பார்க்கிங்கில் நின்றிருந்தால்? பலர் அந்தப் பயத்தில் புகாரே கொடுப்பதில்லை. அபராதம் தனி, இடித்துவிட்டு ஓடியது தனி. இழப்பீட்டுத் தொகையில் உங்கள் பங்குக்கு ஏதாவது குறைக்கப்படலாம். நின்ற இடத்தை மாற்றிச் சொல்வதுதான் ஆபத்து, கேமராவில் எல்லாம் இருக்கிறது.

ஆள் கிடைத்துவிட்டால்

கூட்டம் சேர்க்காதீர்கள். சாவியைப் பிடுங்குவது, வண்டியை மறிப்பது, யாரோ ஒருவர் கை நீட்டுவது என்று போனால் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும். தினக்கூலிக்கு ஓட்டுபவராக இருந்தால் நேரே வண்டி உரிமையாளரிடம் பேசுங்கள். ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு.

பேசப் போகும்போது கையில் எஸ்டிமேட் இருக்கட்டும். டிங்கரிங் கடையில் ஒன்று, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகைக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பணத்தை யு.பி.ஐ.யில் வாங்குங்கள், எந்தத் தேதி எந்தச் சேதத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து போடுங்கள். ஸ்டேஷனில் புகார் இருந்தால் சமாதானம் ஆனதை அங்கேயும் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போட்டிருந்தால் கம்பெனிக்குச் சொல்லாமல் சமாதானம் செய்யாதீர்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. உங்களுக்குக் கொடுத்த பணத்தை இடித்தவரிடம் கேட்கும் உரிமையும் கம்பெனிக்கு உண்டு.

அவர் தர மறுத்தால் அவருடைய தேர்டு பார்ட்டி பாலிசியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை இடம் இருக்கிறது. அதை வாங்க மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஓடிப்போன வண்டிக்காக அரசு தரும் 2 லட்சம், 50,000 என்ற இழப்பீடு உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டும். காருக்குக் கிடையாது.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமா, வேண்டாமா

உங்களிடம் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் கார் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. முழு பாலிசி இருந்தால்தான் இந்தக் கேள்வியே.

கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். அது சொந்தச் சேத பிரீமியத்தில் (உங்கள் காரின் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில்) முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். 50 சதவீதத்தில் இருக்கும் ஒருவரின் சொந்தச் சேத பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் 5,000 கூடுதலாகக் கட்டுவார். அதற்கடுத்த வருடம் 20 சதவீதம்தான் கிடைக்கும் என்பதால் 3,000 கூடுதல், பிறகு 2,500, 1,500, 500. ஐந்து வருடத்தில் 12,500 ரூபாய். காரின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கம்மியாக இருக்கும். ஆனாலும் 6,000 ரூபாய் டிங்கரிங் வேலைக்காக இவர் கிளெய்ம் போடுவது நஷ்டம்.

கம்பெனி முழுத் தொகையும் தராது என்பதையும் கணக்கில் எடுங்கள். 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் வரும். பெயிண்ட் செலவிலும் பெயிண்டின் விலையில் பாதி கழியும். தகட்டுப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்து, ஐந்து வருடத்துக்கு மேல் பத்து வருடத்துக்குள் என்றால் 40 சதவீதம் கழிப்பார்கள். பாலிசியில் ஜீரோ டெப்ரிசியேஷன் என்ற கூடுதல் சேர்க்கை இருந்தால் இந்தக் கழிவெல்லாம் இல்லை, கட்டாயத் தொகை மட்டும். போனஸைக் காப்பாற்றும் தனிச் சேர்க்கை இருக்கிறதா என்றும் பாலிசியில் பாருங்கள். இருந்தால் கணக்கே மாறிவிடும்.

போடுவது என்று முடிவானால் அன்றைக்கோ மறுநாளோ தெரிவித்துவிடுங்கள், தாமதம் ஆனால் கேள்வி வரும். ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ், படங்கள், சி.எஸ்.ஆர். நகல் தயாராக இருக்கட்டும். உங்கள் கிளெய்முக்குப் போலீஸ் ரசீது தேவையா என்று கம்பெனியிடமே கேளுங்கள், சின்னச் சேதத்துக்குப் பல கம்பெனிகள் கேட்பதில்லை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயரோ கம்பெனியின் ஆளோ பார்ப்பதற்கு முன் ஒரு ஆணியைக்கூட கழற்ற வேண்டாம். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் லைசென்ஸ் உள்ள சர்வேயர் வந்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நீங்களே கம்பத்துல இடிச்சிட்டதா எழுதுங்க சார், சீக்கிரம் முடியும்" என்று ஒர்க்‌ஷாப்பில் யாராவது சொல்வார்கள். எழுதாதீர்கள். நின்ற கார் வாங்கிய அடிக்கும் ஓடிய கார் வாங்கிய அடிக்கும் வித்தியாசம் சர்வேயருக்குத் தெரியும். பொய் என்று தெரிந்தால் முழு கிளெய்மையும் தள்ளுபடி செய்யலாம். ஓட்டுநர் யார் என்ற கட்டத்தில் "நிறுத்தப்பட்டிருந்தது, ஓட்டுநர் இல்லை" என்றே எழுதுங்கள்.

நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஒர்க்‌ஷாப் போகும் வரை

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாக இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெயிண்ட் உரிந்து தகடு வெளியே தெரிந்தால் உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்பாக நரம்பு ஓட ஆரம்பிக்கும். பக்கத்துப் பெயிண்டுக்கு அடியிலும் துரு பரவிவிட்டால் ஒரு கதவு வேலை இரண்டு கதவு வேலை ஆகும். சர்வே வரை காத்திருக்க வேண்டியிருந்தால், படங்கள் எடுத்து முடித்ததும் உலர்ந்த துணியால் தூசி தட்டி, நிறமில்லாத நகப்பூச்சை மெலிதாகப் பூசுங்கள், அல்லது அகலமான டேப் ஒட்டுங்கள். சின்ன வேலைக்கு லைட், கண்ணாடி மாதிரியான பழைய பாகங்கள் புதுப்பேட்டையில் கிடைக்கும். காரை வெயிலில் நிறுத்தி நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள், கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும்.

இனி நிறுத்தும்போது

தெருமுனையிலிருந்து இரண்டு கார் நீளமாவது தள்ளி நிறுத்துங்கள். சைடு கண்ணாடிகளை மடக்கி, சக்கரங்களை நேராக வையுங்கள். கடைக்குச் சரக்கு இறங்கும் இடம், தண்ணீர் லாரி நின்று குழாய் இழுக்கும் இடம் எது என்று வந்த முதல் வாரத்திலேயே அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேமரா பார்க்கிற கடைக்கு எதிரே இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். டேஷ்கேம் வாங்குவதாக இருந்தால் நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்கிற வகை வேண்டும். அதற்குத் தனியாக வயர் இழுத்து, பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக நிற்கும்படி மாட்டச் சொல்லுங்கள். முன் கண்ணாடிக்குள் ஒரு போன் நம்பர் எழுதி வையுங்கள். சொந்த நம்பரை வெளியே காட்டத் தயக்கமாக இருந்தால் இதற்கென்று இன்னொரு நம்பர் வைத்துக்கொள்ளலாம். இடித்துவிட்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் அந்த நம்பருக்கு அழைப்பார்கள்.